வீட்டுக் கேள்விகள்: வங்கி பார்த்தது வங்கிக்காக

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இங்கிலாந்து வீடுகளைப் பற்றியவை. பிள்ளைகள் படிக்கப் போனார்கள், அங்கேயே வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, இப்போது வீடும் வாங்குகிறார்கள். முன்பணத்துக்கு இங்கே செந்தூலிலும் பட்டர்வொர்த்திலும் இருக்கிற அப்பா அம்மா இபிஎஃப் பணத்தை எடுத்துக் கொடுக்கிறார்கள். வீட்டை நேரில் பார்த்தது கிடையாது, வாட்ஸ்அப்பில் நாலு படம், ஒரு வீடியோ, அவ்வளவுதான். நான் 11 வருடம் லெஸ்டரில், வீடுகளின் நிலையைச் சோதித்துச் சொல்லும் ஒரு சர்வேயர் அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டுக் கோலாலம்பூர் திரும்பியவன். அந்த வீடுகளின் ஈரமும் விரிசலும் எனக்கு நன்றாகத் தெரியும் என்பதால் இந்த முறை அவர்களுக்கே முதலிடம்.

கேள்வி: அண்ணா, என் மகன் லெஸ்டரில் 1900 வாக்கில் கட்டிய வரிசை வீடு ஒன்றை வாங்கப் போகிறான். வங்கி ஆள் அனுப்பி வீட்டைப் பார்த்துவிட்டதாம், கடனும் கிடைத்துவிட்டதாம். இப்போது லாயர் தனியாக ஒரு சர்வே எடுக்கச் சொல்கிறார், அதற்குப் பல நூறு பவுன் ஆகுமாம். வங்கியே பார்த்த வீட்டை இன்னொரு தடவை பார்ப்பது எதற்கு?
— செந்தூல் வாசகி

பதில்: எடுக்கச் சொல்லுங்கள் அம்மா. யோசிக்கவே வேண்டாம். வங்கி பார்த்தது வங்கிக்காக. நாளைக்குக் கடன் திரும்பி வராமல் போனால் இந்த வீட்டை விற்றுத் தன் காசை எடுத்துக்கொள்ள முடியுமா, அது ஒன்றுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டும். அதற்குப் பெயர் மதிப்பீடு. அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சில சமயம் வீட்டுக்குள் கால் வைக்காமல் தெருவில் காரை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள், சில சமயம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபடியே முடித்துவிடுவார்கள். அந்த அறிக்கையை உங்கள் மகன் கண்ணில் காட்டியே ஆக வேண்டும் என்றும் இல்லை.

இதற்கு ஒரு பழைய வழக்கு உண்டு, அங்கே சர்வேயர் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். நார்விச் நகரில் ஒரு சின்ன வீடு. வங்கிக்காக வந்த மதிப்பீட்டாளர் பார்த்துவிட்டு, அவசியமான பழுது எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். அதை நம்பி ஓர் அம்மா வீட்டை வாங்கினார். அந்த வீட்டில் புகைபோக்கியைத் தாங்கும் சுவரைக் கீழே யாரோ எப்போதோ உடைத்து எடுத்திருந்தார்கள், இடம் பெரிதாகத் தெரியட்டும் என்று. உடைத்ததை மதிப்பீட்டாளர் பார்த்தார், ஆனால் மேலே மிச்சம் இருக்கிற செங்கலை எது தாங்குகிறது என்று பார்க்கவில்லை. ஒன்றரை வருடம் கழித்து அந்தப் புகைபோக்கி சரிந்து, படுக்கையறைக் கூரையைப் பிய்த்துக்கொண்டு உள்ளே விழுந்தது. வழக்கு, அந்த நாளில் அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை வரைக்கும் போய் 1989-இல் அந்த அம்மாவுக்கு நியாயம் கிடைத்தது. கிடைத்தது சரி, ஆனால் புகைபோக்கி விழுந்த பிறகுதானே? உங்கள் மகன் வாங்கும் பழைய வீட்டிலும் இப்படி உடைத்திருக்கலாம். மாடியில் புகைபோக்கிச் சுவர் துருத்திக்கொண்டு இருந்து, அதற்கு நேர் கீழே தரைத்தளத்தில் சுவர் மட்டமாக இருந்தால், இதே கேள்வியைக் கேட்க வேண்டும். எடுத்தவர் உத்திரம் வைத்தாரா, நகராட்சி மன்றத்தின் கட்டட அனுமதிச் சான்று இருக்கிறதா, பக்கத்து வீட்டோடு சேர்ந்த சுவர் என்பதால் 1996-ஆம் வருடத்துப் பொதுச்சுவர்ச் சட்டப்படி அவர்களுக்கு அறிவித்தாரா?

இப்போது எந்த சர்வே என்பதைச் சொல்கிறேன். அங்கே சர்வேயர்களுக்கு ஆர்ஐசிஎஸ் என்று ஓர் அமைப்பு உண்டு, 1868-இல் தொடங்கியது. 2021 மார்ச் முதல் அவர்கள் வீட்டு சர்வேயை மூன்று நிலையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். முதல் நிலை மேலோட்டமானது, நல்ல நிலையில் இருக்கிற புது வகை வீட்டுக்குத்தான் பொருந்தும். இரண்டாம் நிலை சாதாரணமாகக் கட்டிய, ரொம்பவும் மாற்றியமைக்காத வீட்டுக்கு. மூன்றாம் நிலைதான் பழைய வீட்டுக்கும், இடித்து ஒட்டிப் பெரிதாக்கிய வீட்டுக்கும். 1900 வீடு, பின்பக்கம் சமையலறையை நீட்டிக் கட்டியிருப்பார்கள், பரணை அறையாக்கியிருப்பார்கள். மூன்றாம் நிலையே எடுக்கட்டும். இரண்டாம் நிலைக்கும் மூன்றாம் நிலைக்கும் உள்ள கட்டண வித்தியாசத்தைப் பார்த்துச் சிக்கனம் செய்ய வேண்டிய இடம் இதுவல்ல.

அறிக்கை வந்ததும் பிள்ளைகள் பயந்துவிடுகிறார்கள், அதையும் சொல்லி வையுங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் 1, 2, 3 என்று எண் போட்டு, 3-ஐச் சிவப்பில் காட்டுவார்கள். சிவப்பு என்றால் வீடு இடியப் போகிறது என்று அர்த்தமில்லை. பெரிய பழுதாக இருக்கலாம், அல்லது வேறொருவரை வைத்து உடனே சோதிக்கச் சொல்வதாக இருக்கலாம். அப்புறம் சர்வேயர் கம்பளத்தைத் தூக்க மாட்டார், அலமாரியை நகர்த்த மாட்டார், சுவரில் துளை போட மாட்டார், அது விற்பவரின் வீடு. அதனால் 'பார்க்கவில்லை' என்று எழுதியிருக்கும் பகுதிகளைத்தான் நான் முதலில் படிப்பேன். பரண் கதவு பூட்டியிருந்தது, சாக்கடை மூடியைத் திறக்க முடியவில்லை என்றெல்லாம் இருக்கும். அந்தக் கதவைத் திறந்து வைக்கும்படி விற்பவரிடமும், திரும்ப வரும்படி சர்வேயரிடமும் மகன் கேட்கலாம். இங்கிலாந்தில், கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை ஒருவருக்கொருவர் கைமாற்றிக்கொள்ளும் நாள் வரைக்கும் இரண்டு தரப்பும் விலகலாம், விலையையும் திரும்பப் பேசலாம். அந்த நாள் தாண்டிவிட்டால் கதவு சாத்தியாகிவிட்டது, பழுது எல்லாம் வாங்கியவர் தலையில்தான். அதனால் சர்வே அதற்கு முன்னால்.

கேள்வி: மருமகன் கொவென்ட்ரியில் வாங்கியிருக்கும் பழைய வீட்டில் முன்னறைச் சுவர் கீழ்ப்பக்கம் ஈரமாக இருக்கிறது. ஒரு கம்பெனி இலவசமாக வந்து கருவி வைத்துப் பார்த்துவிட்டு, தரையிலிருந்து ஈரம் ஏறுகிறது, சுவரில் துளை போட்டு மருந்து ஏற்ற வேண்டும் என்று பெரிய தொகை கேட்கிறது. செய்யலாமா?
— புக்கிட் மெர்தாஜாம் வாசகர்

பதில்: இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றால் போட வேண்டாம் ஐயா. இது என் சொந்தச் சுவரில் நடந்த கதை.

நான் லெஸ்டரில் வீடு வாங்கியபோது வேலையில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. இதே மாதிரி ஓர் ஆள் வந்தார், இரண்டு ஊசி உள்ள கருவியைச் சுவரில் குத்தினார், 'கீ' என்று கத்தியது. கையோடு விலைப் பட்டியலும் வந்தது. முழங்கால் உயரத்தில் வரிசையாகத் துளை போட்டு மருந்து ஏற்றினார்கள், ஒரு மீட்டர் உயரத்துக்குப் பழைய பூச்சைச் செதுக்கிவிட்டு சிமெண்ட் பூசினார்கள். இரண்டு குளிர்காலம் சுவர் பளிச்சென்று இருந்தது. மூன்றாவது வருடம் சிமெண்டுக்கு மேலே, அதாவது ஒரு மீட்டருக்கு மேலே, தேத்தண்ணீர் சிந்தியதுபோல ஒரு கறை. தண்ணீர் எங்கேயும் போகவில்லை, சிமெண்ட் அதை மேலே தள்ளியிருக்கிறது.

அந்த வருடம் கோடையில் பின்பக்கம் குந்தி உட்கார்ந்து சுவரைப் பார்த்தேன். அந்த மாதிரி வீடுகளில் தரைக்குச் சற்று மேலே, இரண்டு செங்கல் வரிசைக்கு நடுவில், கறுப்பாக மெல்லிய கோடு ஒன்று ஓடும். சிலேட் கல்லோ தாரோ வைத்திருப்பார்கள், மண்ணின் ஈரம் அதற்கு மேல் ஏறக் கூடாது என்பதற்காக. வெளித்தரை அந்தக் கோட்டுக்குக் குறைந்தது 150 மில்லிமீட்டர் கீழே இருக்க வேண்டும். என் வீட்டில் கோட்டையே காணோம். முன்னால் இருந்தவர் முற்றத்துக்குக் கான்கிரீட் போட்டபோது அதை மூடிவிட்டார். மழை பெய்தால் கான்கிரீட்டில் தெறிக்கிற தண்ணீர் எல்லாம் நேராகச் சுவருக்குள். சுவரோரமாக ஒரு அடி அகலத்துக்குக் கான்கிரீட்டை உடைத்தெடுத்துச் சரளைக்கல் நிரப்பினேன். இரண்டு சனிக்கிழமை வேலை. உள்ளே சிமெண்டைச் செதுக்கிவிட்டு சுண்ணாம்புப் பூச்சு வைத்தேன். அடுத்த கோடைக்குள் சுவர் காய்ந்துவிட்டது. சுவரில் ஏற்றிய மருந்துக்குக் கொடுத்த பணம் போனது போனதுதான்.

அந்தக் கருவியைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். அது ஈரத்தை நேராக அளப்பதில்லை, இரண்டு ஊசிக்கு நடுவில் மின்சாரம் எவ்வளவு சுலபமாக ஓடுகிறது என்று பார்க்கிறது. அதில் இருக்கிற எண்கள் மரத்துக்காகப் போட்டவை. பூச்சில் உப்பு இருந்தாலும் கத்தும், சுவர்த்தாளுக்குப் பின்னால் ஈயத்தாள் ஒட்டியிருந்தாலும் கத்தும். மருமகனை முதலில் வெளியே போகச் சொல்லுங்கள். மண்ணோ பூந்தொட்டியோ கான்கிரீட்டோ அந்தக் கறுப்புக் கோட்டை மூடியிருக்கிறதா, கூரைத் தண்ணீரை வடிக்கும் கட்டர் உடைந்து சுவரில் ஒழுகுகிறதா, மரத்தரைக்குக் கீழே காற்றுப் போக வைத்திருக்கும் ஓட்டைச் செங்கற்களை யாராவது அடைத்து வைத்திருக்கிறார்களா, இவற்றைப் பார்க்கட்டும். இதற்குப் பிறகும் தெரியவில்லை என்றால், மருந்து விற்காத ஒரு சர்வேயரைக் காசு கொடுத்துக் கூப்பிட வேண்டும். இலவசமாக வருகிறவருக்கு மருந்து விற்றால்தான் சம்பளம்.

கேள்வி: மகள் மான்செஸ்டரில் படிக்கிறாள். வாடகை அறையில் ஜன்னலைச் சுற்றியும் அலமாரிக்குப் பின்னாலும் கறுப்பாகப் பூசணம். வீட்டுக்காரர் "நீங்கள் சமைப்பதால்தான்" என்கிறார். உண்மையா?
— பாயான் லெப்பாஸ் வாசகி

பதில்: பாதி உண்மையை வைத்து முழுப்பழியையும் பிள்ளை மேல் போடுகிறார். நம் ஊரில் ஈரம் என்றால் கூரை ஒழுக்கு, மழை. அங்கே குளிர்காலத்தில் ஈரம் வீட்டுக்குள்ளிருந்தே வருகிறது: மூச்சு, குளியல், சோற்றுப் பானை, ஹீட்டர் மேல் காயப்போட்ட துணி. அந்த ஆவி குளிர்ந்த சுவரைத் தொட்டதும் தண்ணீராகிவிடும், ஐஸ் போட்ட கிளாஸ் வியர்ப்பதுபோல. மகள் செய்ய வேண்டியது உண்டு. சமைக்கும்போது மூடி போட்டு ஃபேனைப் போடட்டும், அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு கை அகலம் தள்ளி வைக்கட்டும், காலையில் கண்ணாடியில் வழியும் தண்ணீரைத் துடைக்கட்டும். ஆனால் சுவர் ஏன் அவ்வளவு குளிர்ந்து கிடக்கிறது, ஃபேன் வேலை செய்கிறதா, ஹீட்டர் ஒழுங்காகச் சூடாகிறதா? இதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியவர் வீட்டுக்காரர். மனிதர்கள் சமைக்கத்தான் செய்வார்கள்.

இதைச் சின்ன விஷயமாக விடாதீர்கள். 2020 டிசம்பரில், மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ரோச்டேல் என்ற ஊரில், அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை இறந்துபோனது. வீட்டில் இருந்த பூசணத்தை நீண்ட நாள் சுவாசித்ததுதான் காரணம் என்று 2022-இல் விசாரணையில் முடிவானது. பெற்றோர் பலமுறை புகார் சொல்லியும் வீட்டை வாடகைக்கு விட்ட அமைப்பினர் கேட்கவில்லை, பெயிண்ட் அடித்துக்கொள்ளச் சொன்னார்கள், அந்தக் குடும்பத்தின் வாழ்க்கை முறையைக் குறை சொன்னார்கள். அந்தக் குழந்தையின் பெயரிலேயே இப்போது சட்டம் இருக்கிறது. நகராட்சி மன்றமோ வீட்டுவசதிச் சங்கமோ வாடகைக்கு விடும் சமூக வீடுகளில் 2025 அக்டோபர் 27 முதல் அது நடப்பில் உள்ளது, ஆபத்தான பூசணத்தை 10 வேலை நாளுக்குள் வந்து ஆராய வேண்டும். உங்கள் மகள் இருப்பது தனியார் வீடு என்றாலும், வீடு குடியிருக்கத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்று 2018-ஆம் வருடத்துச் சட்டம் சொல்கிறது. தேதி தெரியும்படி படம் எடுக்கட்டும், வாயால் சொல்லாமல் ஈமெயிலில் எழுதட்டும். பதில் வரவில்லை என்றால் நகராட்சி மன்றத்தின் சுகாதாரப் பிரிவுக்குப் போகட்டும். பல்கலைக்கழக மாணவர் சங்கத்திலும் உதவி உண்டு. பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கேள்வி: கிழக்கு லண்டனில் தம்பி வீட்டு ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல். கோடையில் வந்தது. வீடு இறங்குகிறதா?
— செராஸ் வாசகர்

பதில்: இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். லண்டனுக்கு அடியில் களிமண். வெயிலில் சுருங்கும், மழையில் உப்பும். பக்கத்தில் பெரிய ஓக் மரமோ வில்லோ மரமோ இருந்தால் அது வேறு தண்ணீரை உறிஞ்சும். 1976 வறட்சியில் ஆயிரக்கணக்கான வீடுகள் இப்படி விரிசல் விட்டன, அதிலிருந்துதான் காப்புறுதிக் கம்பெனிகள் உஷாரானார்கள். அங்கே ஒரு பவுன் நாணயத்தின் கனம் 2.8 மில்லிமீட்டர். இரண்டைச் சேர்த்துப் பிடித்து விரிசலில் நுழைக்கச் சொல்லுங்கள். நுழைந்தால் 5 மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டது, கட்டட இஞ்சினியரைக் கூப்பிட வேண்டிய அளவு. மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருந்தால், உள்ளேயும் வெளியேயும் ஒரே இடத்தில் தெரிந்தால், கதவு இறுக ஆரம்பித்தால், அளவு குறைவாக இருந்தாலும் கூப்பிடலாம். மயிரிழை விரிசல் என்றால் பென்சிலால் இரண்டு பக்கமும் கோடு போட்டுத் தேதி எழுதி வைத்துவிட்டு அடுத்த மழைக்காலம் வரை பார்க்கட்டும். மரத்தை மட்டும் அவசரப்பட்டு வெட்ட வேண்டாம், அது குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் மண்ணிலேயே தங்கி, களிமண் உப்பி, வீட்டை மேலே தூக்கிவிடும்.

கேள்வி: மகன் எடின்பரோவில் வீடு பார்க்கிறான். விற்பவரே சர்வே கொடுக்கிறாராம். நம்பலாமா?
— பிரிக்பீல்ட்ஸ் வாசகி

பதில்: ஸ்காட்லாந்தில் அப்படித்தான் அம்மா. 2008 டிசம்பர் முதல், வீட்டை விற்பனைக்கு விடும்போதே விற்பவர் தன் செலவில் சர்வேயரை வைத்து அறிக்கை எடுத்துக் கொடுக்க வேண்டும். எழுதியவர் முறையான சர்வேயர் என்பதால் நம்பலாம், ஆனால் தேதியைப் பாருங்கள், வீடு ரொம்ப நாள் விற்காமல் கிடந்திருந்தால் அறிக்கையும் பழசாகியிருக்கும். கல்வீடு, பழைய வீடு என்றால் தனியாக ஒன்று எடுப்பதில் தப்பில்லை.

கேள்வி: எப்போதும் இங்கிலாந்துதானா? நாங்கள் பூச்சோங்கில் புது வீட்டுக்கு இப்போதுதான் சாவி எடுத்தோம். எங்களுக்கும் சொல்லுங்கள்.
— பூச்சோங் வாசகர்

பதில்: கோபம் நியாயம்தான் தம்பி. உங்களுக்கு அங்கே இருப்பவர்களைவிட ஒரு வசதி உண்டு. மேம்பாட்டாளரிடம் நேராக வாங்கிய புது வீட்டுக்கு, சாவி கொடுத்த நாளிலிருந்து 24 மாதம் பழுதுகளை அவர்கள் செலவில் சரிசெய்ய வேண்டும், உங்கள் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. எழுத்தில் புகார் கொடுத்தால் 30 நாளுக்குள் செய்ய வேண்டும். வாட்ஸ்அப்பில் சொன்னேன், சைட் ஆபீஸில் சொன்னேன் என்று இருந்துவிடாதீர்கள், பாரத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு முத்திரை குத்திய நகலைக் கையில் வாங்குங்கள்.

தளபாடம் ஏற்றுவதற்கு முன்னால் ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். 50 காசு நாணயத்தால் தரையில் பதித்த ஓடுகளை ஒவ்வொன்றாகத் தட்டுங்கள், தேங்காய் தட்டிப் பார்க்கிற மாதிரிதான், கெட்டியான சத்தம் வந்தால் சரி, பொள்ளலாக ஒலித்தால் ஓட்டுக்கு அடியில் சிமெண்ட் பிடிக்கவில்லை. அதில் மாஸ்கிங் டேப் ஒட்டிப் படம் எடுங்கள். குளியலறையில் தண்ணீர் போகும் வாயைத் துணியால் அடைத்து, ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பி, 24 மணி நேரம் விடுங்கள். மாடிக் குளியலறை என்றால் மறுநாள் கீழ்த்தளக் கூரையைப் பாருங்கள், கொண்டோ என்றால் கீழ்வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அப்புறம் ஒரு நல்ல மழை வரட்டும், ஜன்னல் சட்டத்தின் கீழ்மூலைகளைக் கையால் தடவுங்கள். மேம்பாட்டாளர் இழுத்தடித்தால் வீடு வாங்குவோருக்கான நடுவர் மன்றம் இருக்கிறது, 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வக்கீல் தேவையில்லை. 24 மாதம் முடிந்து ஒரு வருடத்துக்குள் மனு போட்டுவிட வேண்டும், அதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: ஜார்ஜ்டவுனில் தாத்தா காலத்துக் கடைவீடு. சுவர்ப் பூச்சு மாவாக உதிர்கிறது. வாட்டர்புரூஃப் சிமெண்ட் பூசிவிடவா?
— பினாங்கு வாசகர்

பதில்: வேண்டவே வேண்டாம். மேலே கொவென்ட்ரி வீட்டுக்குச் சொன்னதை இன்னொரு முறை படியுங்கள், இரண்டு சுவரும் ஒரே ஜாதி. செங்கல், சுண்ணாம்புக் காரை, நடுவில் இடைவெளி கிடையாது. ஈரத்தை வாங்கி வெயிலில் வெளியே விடும் சுவர் அது. சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்பு செங்கலை அரித்துவிடும். சுண்ணாம்புப் பூச்சே வையுங்கள், சுவரின் கூட்டு இடுக்கில் முளைத்திருக்கும் அரசங்கன்றை வேரோடு எடுங்கள். வீடு 2008-இல் உலகப் பாரம்பரியச் சின்னமான பகுதிக்குள் இருந்தால் வேலை தொடங்குவதற்கு முன் மாநகர் மன்றத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: வரும் சனிக்கிழமை மகள் லீட்ஸில் வீடு பார்க்கப் போகிறாள், வீடியோ காலில் நாங்களும் இருப்போம். என்னவெல்லாம் காட்டச் சொல்வது?
— தாமான் துன் வாசகர்

பதில்: வரவேற்பறையில் தொடங்க வேண்டாம், ஏஜெண்ட் அதைத்தான் முதலில் காட்டுவார். மகளை வெளிச்சுவரிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். செங்கல் ஒரு நீளம், ஒரு குட்டை என்று மாறி மாறி இருந்தால் இடைவெளி இல்லாத பழைய சுவர், குளிர் உள்ளே வரும். எல்லாம் நீளமாகவே இருந்தால் பெரும்பாலும் நடுவில் இடைவெளி விட்ட இரட்டைச் சுவர். பிறகு கூரையின் முதுகுக்கோடு நேராக இருக்கிறதா, நடுவில் தொய்கிறதா? பழைய சிலேட்டை எடுத்துவிட்டுக் கனமான கான்கிரீட் ஓடு போட்ட வீடுகளில் தொய்யும். பரண் கதவைத் திறந்து டார்ச் அடித்து, உத்திரங்களுக்கு நடுவில், குளிரைத் தடுக்க அடிக்கும் மஞ்சள் நுரை அடித்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அங்கே பல வங்கிகள் கடன் தர மாட்டா, அதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. ஒரு சுவர் மட்டும் புதிதாக வண்ணம் பூசியிருந்தால் ஏன் என்று ஏஜெண்டிடம் நேராகக் கேட்கச் சொல்லுங்கள். வாசனை போனில் வராது, மூடியிருக்கிற அலமாரியைத் திறந்து முகர்ந்து பார்த்து மகளே சொல்ல வேண்டும். மழை பெய்துகொண்டிருந்தால் அவசரமாக உள்ளே ஓட வேண்டாம், இரண்டு நிமிடம் குடை பிடித்துக்கொண்டு போனைக் கட்டர் இணைப்புகள் பக்கம் திருப்பிக் காட்டட்டும்.